சீட்டுக்கு அடியில் ஒரு கோழி

இது நடந்தது. நானே பட்டது. எனக்குக் கதை கட்டத் தெரியாது, சுவர் கட்டத்தான் தெரியும். நான் கொத்தனார். நம்பாதவர்களுக்குக் காட்ட என்னிடம் சாட்சி இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1982-ஆம் வருஷம். கீழப்பழுவூர்ப் பக்கம் எங்கள் ஊர். எனக்கும் என் கூட்டாளி அழகேசனுக்கும் மஸ்கட்டில் ஒரே கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. அரியலூருக்குப் பஸ், அங்கிருந்து மெட்ராஸ், பம்பாய் வரை ரயில், அப்புறம் விமானம். திருச்சியைத் தாண்டாத எங்களுக்கு அது பெரிய பயணம். அழகேசன் ஆள் வாட்டசாட்டம், ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. "தனியால்லாம் போமாட்டேன்டா. நீ வந்தாத்தான்" என்று தினமும் சொல்வான். விமானத்தில் சன்னல் ஓரம் தனக்குத்தான் என்று அப்போதே இடம் பிடித்துவிட்டான்.

கிளம்ப வேண்டிய சனிக்கிழமை விடியற்காலையில் அவனைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே போய்விட்டான்.

விசாவுக்கு அதுதான் கடைசி வாரம். பயணத்தைத் தள்ளிப்போட வழியில்லை. எங்கள் பக்கம் சனிக்கிழமை செத்தவர்களின் பாடையில் உயிர்க்கோழி ஒன்றைக் கட்டி அனுப்புவார்கள். இல்லாவிட்டால் போகிறவர் ஊரில் வேறு துணை தேடுவார் என்பது பயம். அழகேசனின் மாமா நல்லுசாமி ஒரு வெள்ளைக் கோழியின் இரண்டு காலையும் சேர்த்துச் சணலால் கட்டினார். பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டேன். பாடை அந்தப் பக்கம் போனது, நான் இந்தப் பக்கம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன்.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "கோழிய உள்ள தள்ளி வைங்க, மிதிபட்டுடும்" என்றார். குனிந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியில் என் பெட்டி மட்டும்தான் இருந்தது. ஆள் மாற்றிச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பம்பாய் ரயிலில் எதிர் சீட்டு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கோழியை எங்கே ஒளித்து வைத்திருக்கிறேன் என்று கேட்டாள். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் காலடியில் ஒரு சத்தம்.

கொக்... கொக்...

அப்போதுதான் கணுக்கால் அரிக்கத் தொடங்கியது.

விமானம் ஏறியது பட்டப்பகலில். உள்ளே நல்ல கூட்டம். என் பக்கத்துச் சன்னல் ஓர இருக்கை மட்டும் காலி. கதவைச் சாத்தினார்கள்.

கொக்...

விமானத்தில் கோழி ஏது?

எழுந்திருக்கப் பார்த்தேன். கால் இரண்டும் பிரியவில்லை. ஏதோ சேர்த்து இறுக்கியது. சணலின் சொரசொரப்பு தோலில் தெரிந்தது. குனிந்து தடவினேன். கயிறு இல்லை.

விமானம் மேலே கிளம்பிவிட்டது. இனி இறங்க முடியாது.

ஆளைக் கூப்பிட வாயைத் திறந்தேன். வந்தது என் குரல் இல்லை.

கொக்... கொக்...

என் தொண்டையிலிருந்து.

காலி இருக்கையின் மெத்தை... மெல்ல அமுங்கியது.

"தனியால்லாம் போமாட்டேன்டா..."

கண்ணை இறுக மூடிச் செட்டிகுளம் முருகனைக் கூப்பிட்டேன், மனசுக்குள். மஸ்கட்டில் சக்கரம் தரையைத் தொட்ட பிறகுதான் கால் பிரிந்தது.

பிரயாணக் களைப்பு, துக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருஷம் கழித்து லீவில் ஊருக்கு வந்தேன். எங்கள் வாசலில் ஒரு வெள்ளைக் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அம்மாவிடம் ஏது என்று கேட்டேன்.

"அழகேசன் பாடையில கட்டினதுதான். நீ பஸ் ஏறின நேரத்துக்குக் கால் கயித்த அவுத்துக்கிட்டு நம்ம வூட்டுக்கு ஓடியாந்துடுச்சு. நல்லுசாமிக்குச் சுடுகாட்டுலதான் தெரிஞ்சிருக்கு. கோழி இல்லாமத்தான்டா எரிச்சாங்க."

கோழியைப் பிடித்துக் காலைப் பார்த்தேன். கயிறு இறுக்கிய தடம் துளிகூட இல்லை.

அந்தத் தடம் என் கணுக்கால்களில் இருக்கிறது. மஸ்கட்டில் இறங்கிய நாளிலிருந்து ஆறவில்லை. வந்தால் காட்டுகிறேன்.