திருகாணியின் கால் சுற்று

முதன்முதலில் அதைப் பார்த்தபோது எலிப்பொறி என்றுதான் நினைத்தேன். சுவிசின் ஓல்டன் நகரில் என் சகலன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், என் மனைவியும் அவள் தங்கையுமாக இடியப்பத் தட்டுகளை ஒதுக்கி இடம் விட, அவர் ஒரு பெட்டியைத் திறந்து அதை எடுத்து வைத்தார். மூன்று கால்களில் நிற்கும் கறுத்த தாங்கி. அதில் ஒரு முழ நீளத் தூண்டில் தடியைச் செருக ஒரு பிடி. முன்னால் தடியின் நுனியை வளைத்துக் கொளுவ ஒரு மெல்லிய கொக்கி, அதன் பக்கத்தில் கடுகு அளவில் ஒரு திருகாணி. தடியை வளைத்துக் கொளுவிவிட்டால் போதும் என்றார். பனிக்கட்டிக்குக் கீழே மீன் நூலை லேசாக இழுத்தாலும் கொக்கி விடுபடும், தடி படீரென்று நிமிரும், முள் மீனின் வாயில் தானாக ஏறிவிடும். மனிதர் கையே தேவையில்லை. சொல்லிவிட்டு நூலை விரலால் சுண்டிக் காட்டினார். தடி நிமிர்ந்த சத்தத்துக்கு என் மனைவி சிரித்துக்கொண்டு கை தட்டினாள். நான் வாங்கிய எந்தச் சாமானுக்கும் அவள் கை தட்டியதாக எனக்கு நினைவில்லை.

சகலன் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னிலும் ஆறு வயது இளையவர், என்னை அண்ணை என்று கூப்பிடுவார். சுவிசுக்கு எனக்குப் பிறகு எட்டு வருடம் கழித்து வந்தவர். வந்ததுதான் பின்னால், மற்ற எல்லாவற்றிலும் முன்னால் போய்விட்டார். சுவிஸ்காரருக்குரிய சிவப்புக் கடவுச்சீட்டு எனக்கு முன் எடுத்தார். தோட்டத்தோடு வீடு எனக்கு முன் எடுத்தார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியத்துக்குப் போன அதே வருடம் என் மகனை ஆசிரியர் கூப்பிட்டு ஏதாவது கைத்தொழில் பழகட்டும் என்றார். இவ்வளவுக்கும் அவர் நல்ல மனிதர், தொல்லையே அதுதான். கெட்டவராக இருந்தால் மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். குடும்ப விசேஷங்களில் பால் காய்ச்சவோ விளக்கேற்றவோ யாராவது அழைத்தால் அவர் பின்னால் போய் நின்றுகொண்டு என்னை முன்னுக்குத் தள்ளிவிடுவார். பெரிய மனுசத்தனம் காட்டுகிறார் என்று அதற்கும் எனக்கு எரிந்தது. இருபது வருடமாக வயிறு எரிந்தபடியேதான் அந்த வீட்டு மணியை அடித்திருக்கிறேன்.

அவரிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது ஒன்றே ஒன்று. நான் பீல் நகரில் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கண்ணில் பூதக்கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, தலைமயிரிலும் மெல்லிய சுருள்வில்களைத் திருத்தி வைப்பது என் வேலை. என் பக்கத்து மேசைக்காரர் ஒரு சுவிஸ்காரர், என் வயதுதான். பீல் இரண்டு மொழி ஊர் என்பதால் வசனத்தைப் பிரெஞ்சில் தொடங்கி ஜெர்மனில் முடிப்பார். அந்தப் பொறி வருவதற்குப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தை மாதச் சனிக்கிழமை அவர் என்னைப் பெர்ன் மலைப்பக்கத்து ஏரி ஒன்றுக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போனார். கம்பியில் தொங்கிப் போகும் கேபிள் காரில் மேலே ஏறி இறங்கினால் ஏரி முழுவதும் உறைந்து கிடக்கும். துறப்பணத்தால் ஓட்டை போட்டு, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, நூலை விரலில் தொட்டபடி இருக்க வேண்டும். மீன் வாய் வைப்பது ஒரு மிகச் சிறிய அசைவாக விரலுக்குத் தெரியும். அந்தக் கணத்தில் மணிக்கட்டைச் சுண்ட வேண்டும். முந்தினாலும் இல்லை, பிந்தினாலும் இல்லை. முதல் நாளே இரண்டு மீன் பிடித்தேன். பக்கத்து மேசைக்காரர் என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, இது நல்ல கை என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தை மாதமும் அவருக்குப் பக்கத்து வாளி என்னுடையது. என் சனங்களில் ஒருவருக்கும் தெரியாத ஒரு இடத்தில் நான் ஒரு ஆளாக இருந்தேன்.

அங்கேதான் சகலன் வரப்போகிறேன் என்றார். "அண்ணை, இந்த முறை நானும் ஒருக்கா வாறன்" என்று அவர் கேட்டபோது என் மனைவி எனக்காக முந்திக்கொண்டு சம்மதம் சொன்னாள். மீன் பிடிக்க இந்த நாட்டில் ஒரு வகுப்புக்குப் போய்ப் பத்திரம் எடுக்க வேண்டும். அவர் இரண்டு கிழமைக்குள் அதையும் எடுத்து முடித்தார். மீன் பிடிக்கிற சாமான்கள் எல்லாம் புதிதாக வாங்கினார். பட்டரியில் ஓடும் துறப்பணம், குடை மாதிரி விரியும் சிவப்புக் கூடாரம், கடைசியில் அந்தப் பொறி. நான் பன்னிரண்டு வருடத்தில் புதிதாக வாங்கியது ஒரு சோடிக் கையுறை.

கேபிளில் மேலே போகும்போது நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் பழைய பழக்கங்களை விடாதவர், இந்த விளையாட்டுச் சாமான்களைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார் என்பதுதான் அது. அவர் சுளிக்கவில்லை. பொறியைக் கண்டதும் முழங்காலில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அதை ஏழெட்டுத் தரம் கொளுவிக் கொளுவி விட்டுப் பார்த்தார். நான் வியர்த்து ஒழுகக் கையால் ஒரு ஓட்டை போட்டு முடிப்பதற்குள் பட்டரித் துறப்பணம் நாலு போட்டுவிட்டது. பிறகு இரண்டு பேருமாகக் கூடாரத்தை விரித்து உள்ளே போனார்கள். சகலன் வேலை செய்யும் ஓல்டன் சாமான் கிட்டங்கியில் பழகிய ஜெர்மனும் பீல் பிரெஞ்சும் கலந்து சிரிப்புச் சத்தம் வந்தது. வெளியே என் வாளிக்குப் பக்கத்து வாளி வெறுமையாகக் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர் அதை ஏன் கொண்டுவந்தார் என்றே எனக்கு எரிச்சலாக இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவன் ஒரு வாளியைப் பார்த்து அழாத குறையாக நின்றேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் சகலன் பொறியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அண்ணை, இந்தத் திருகாணியை எவ்வளவுக்கு இறுக்கவேணும் எண்டு எனக்குப் பிடிபடேல்லை. நீங்கள் ஸ்பிரிங்கோடை சீவிக்கிற ஆள். உங்கடை கையாலை ஒருக்காச் சரிப்பண்ணித் தாங்கோ" என்றார். பனியில் உட்கார்ந்து கையுறையைக் கழற்றினேன். திருகாணி தளர்ந்திருந்தால் காற்றுக்கே தடி நிமிர்ந்துவிடும், இறுகியிருந்தால் மீன் இழுத்தாலும் கொக்கி விடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. என் விரலுக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்தேன். பிறகு கூடாரத்திலிருந்து பக்கத்து மேசைக்காரர் சகலனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. அந்த இடத்தைத் தாண்டிக் கால் சுற்று இறுக்கினேன். கால் சுற்று என்பது கண்ணுக்குத் தெரியாது. என் தொழிலில் அது ஒரு கடிகாரத்தையே நிறுத்திவிடும்.

சகலன் பொறியை எனக்குப் பக்கத்து ஓட்டையில் நிறுத்தி, நூலில் றப்பர் புழுவைக் கட்டி இறக்கினார். தடியை ஆளில்லாமல் விடக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கூடாரத்துக்குப் போனார். பார்த்துக்கொண்டேன். முதல் தரம் நூல் துடித்தபோது பெரிய மீன் என்று எனக்குத் தெரிந்தது. கொக்கி விடவில்லை. ஒரு குரல் கொடுத்திருக்கலாம், எட்டிக் கையால் சுண்டியிருக்கலாம். இரண்டாம் தரமும் துடித்தது, மூன்றாம் தரமும் துடித்தது. நான் வாயைக் கட்டிக்கொண்டு என் ஓட்டையையே பார்த்தேன். றப்பர் புழு என்பதால் மீன் வந்து போன அடையாளம்கூட மிஞ்சவில்லை. மத்தியானத்துக்குள் என் தடியில் இரண்டு நல்ல மீன்கள் ஏறின. பக்கத்து மேசைக்காரர் கூடாரத்தை விட்டு வெளியே வந்து தன் வாளியில் உட்கார்ந்து, மெசினைவிட இந்தக் கைதான் மேல் என்று என் தோளில் தட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லவில்லை, வயிறு குளிர்ந்த மாதிரி இருந்தது.

இறங்கும்போது கேபிள் பெட்டியில் நானும் சகலனும் மட்டும். பொறி அவர் மடியில் இருந்தது. பக்கத்து மேசைக்காரர் அது பழுதாக இருக்கலாம் என்று சொன்னதற்கு, அண்ணை பார்த்துத் தந்தது, அதில் பிழை இருக்க வழியில்லை, மீன்தான் வரவில்லை என்று மறுத்திருந்தார். இப்போது என்னிடம் தமிழில் அதற்கு மேலே சொன்னார். "எனக்குக் கைராசி இல்லை அண்ணை. சின்னனிலையே அம்மா என்னை ஒரு விதை ஊண்ட விடமாட்டா. நான் நட்டது முளைக்காது. இஞ்சை வந்து சினேகிதனோடை கடை துறந்தன், ஆறு மாசத்திலை பூட்டு. அதுதான் கை இல்லாத சாமானாப் பாத்து வாங்கினன். அதுக்கும் என்ரை ராசி தொத்தியிட்டுது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டுப் பொறியை என் மடியில் வைத்து, நீங்களே வைத்திருங்கோ என்றார். விளக்கேற்றக் கூப்பிடும்போது அவர் ஏன் பின்னால் போய் நின்றார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த நேரமே சொல்லியிருக்க வேண்டும். கேபிள் கீழே வந்து நிற்கும்வரை கண்ணாடிக்கு வெளியே பைன் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிச்சக் கதை சில மாதம் கழித்து என் மனைவி மூலமாக வந்தது. ஓல்டன் கிட்டங்கியில் அவரை ரீம் லைற்றராக, அதாவது இருபது பேருக்குப் பொறுப்பாக, வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஏரிக்கு வந்த அந்தச் சனிக்கிழமைதான் அவர் முடிவெடுக்கும் நாள். இப்படியான விடயத்துக்கு நம் ஆட்கள் கோயிலில் சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் சுற்றி வைத்து ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் பூவைத் தன் கையால் அல்லவா எடுக்க வேண்டும். அந்தக் கையையே நம்பாதவர், கை இல்லாத ஒரு பொறியிடம் போய்க் கேட்டிருக்கிறார். ஒரு மீன் ஏறினால் சம்மதம், ஏறாவிட்டால் வேண்டாம். திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. இதிலாவது அவர் என்னைத் தாண்டவில்லை என்ற நிம்மதி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, வந்து நாலு வருடம் போகாமல் இருந்தது. அந்த நாலு வருடமும் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் என்றாலும், அண்ணையின் கைதான் ராசியான கை என்று அவர் ஆளனுப்பி என்னை அழைத்தார். அவருடைய மகளின் படிப்புக்கு முதல் புத்தகப் பொதியை என் கையால்தான் எடுத்துக் கொடுக்க வைத்தார். கொடுத்தேன்.

இந்தத் தை மாதம் அதே ரீம் லைற்றர் இடம் மறுபடியும் காலியானது. மறுபடியும் அவரைத்தான் கேட்டார்கள். திங்களுக்குள் பதில் சொல்ல வேண்டும், இவர் மாட்டேன் என்றுதான் சொல்லப்போகிறார் என்று தங்கை அக்காவிடம் போனில் சொல்லிக் கவலைப்பட்டாள். என் மனைவி அதை எனக்குச் சொன்னது வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது. தட்டில் கிடந்த மரக்கறிச் சோற்றை என்னால் முடிக்க முடியவில்லை.

மறுநாள் ஓல்டனுக்கு ரெயில் ஏறினேன். பாதி வழியில் வரும் சொலத்தூண் வரைக்கும் சொல்லிவிடுவது என்று இருந்தேன், அதற்குப் பிறகு சொல்லாமல் சும்மா தேத்தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று இருந்தேன். சகலன் ஸ்டேசனுக்கே வந்து நின்றார். நடந்துபோய் ஆரே ஆற்றங்கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்தோம். மரப்பாலத்தில் சனம் கடைப் பைகளோடு போய்க்கொண்டிருந்தது. என்ன விடயம் என்று அவர் கேட்கவில்லை. நானாகத் தொடங்க வேண்டியிருந்தது.

"தம்பி, அண்டைக்கு ஏரியிலை அந்தத் திருகாணியை நான் வேணுமெண்டே இறுக்கினனான். கால் சுற்று. அதாலைதான் தடி நிமிரேல்லை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்பார், அதற்குச் சொல்ல ரெயிலில் எத்தனையோ வசனம் சேர்த்து வைத்திருந்தேன். அவர் கேட்காததால் நானே சொன்னேன்.

"உம்மிலை எரிச்சல். வேறை ஒண்டுமில்லை."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆற்றைப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன், போனால் அதுவும் சரிதான் என்று நினைத்தேன். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அப்ப, மீன் கொத்தினதோ அண்ணை?"

"ஓம். மூண்டு தரம்."

"மூண்டு தரமோ" என்று தனக்குத்தானே சொன்னார். மடியில் கிடந்த கைகள் இரண்டையும் மெல்லத் திருப்பினார், இரவல் வாங்கியவற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திங்கட்கிழமை என்ன சொல்லப்போகிறீர் என்று நான் கேட்கவில்லை, சம்மதம் என்று அவர் முகம் சொல்லிவிட்டது. நான் செய்த துரோகம் அந்த நேரத்தில் அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, மன்னிக்கக்கூட அவர் என் பக்கம் திரும்பவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் என் முகத்தில் ஒருநாளும் வந்திருக்காது என்று நினைத்தேன். வெட்கம் கெட்ட என் வயிறு மறுபடியும் எரிந்தது.