சரக்கு கால் கிலோ, பூட்டு ஒரு டன்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு கேட்டில் போன் எடுக்கிற வேலை என்றால் பேசுகிற வேலை என்று நினைக்காதீர்கள். பேசுவதற்கு முன்னால் நான் நான்தான் என்று நிரூபிக்கிற வேலை. பன்னிரண்டாவதைப் பாதியில் விட்டவள் நான். மூன்று மாதம் பார்ப்போம், ஒரு பெட்டி தப்பான லாரியில் போனாலும் வீட்டுக்குப் போ என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். ஓடிபிக்குக் காத்திருந்து நகம் கடித்தவர்களே, உங்களுக்குத்தான் இது.

மேனேஜர் குளிக்கிறார்

பழைய போனை எடுத்துவிட்டு இன்டர்நெட் போன் வைத்தார்கள். டிரைவர்களுக்கு செல்லில் ஒரு ஆப், எனக்குக் கம்ப்யூட்டரும் ஹெட்போனும். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் வெளியே தள்ளிவிடும். மறுபடி பாஸ்வேர்டு, அப்புறம் ஓடிபி. அது போவதோ மேனேஜர் செல்லுக்கு.

ஒரு காலை, கேட்டில் எட்டு டிரெய்லர் ஹாரன் அடிக்கிறது, மேனேஜர் வீட்டில் குளிக்கிறார். என் செல்லிலிருந்து கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். "இரும்மா, கண்ணாடி எங்க வெச்சேன்... ஆங், நாலு, ஏழு, ஒண்ணு... அய்யய்யோ, இது கேஸ் சிலிண்டர்க்கு வந்த நம்பரு!"

எண்ணூர் சிக்னல்

சரவணன் அண்ணன் எண்ணூர் பக்கம் ஓட்டுகிற டிரைவர். அங்கே சிக்னல் மெலிசு. ஆப்பில் பேசினால் அவர் குரல் துண்டு துண்டாக வரும். போன் மாட்டிய டெக்னீஷியனைப் பிடித்துக் கேட்டேன். குரலைச் சின்னச் சின்னதாக நறுக்கித்தான் அனுப்புமாம். ஒவ்வொரு துண்டுக்கும் தனி விலாசம், தனிப் பூட்டு, தனி சீல். துண்டு சின்னது என்பதால் இந்தச் சுமைதான் பெரிதாகத் தெரியுமாம். அண்ணனிடம் அப்படியே ஒப்பித்தேன்.

"இன்னாம்மா இது, சரக்கு கால் கிலோ, பூட்டு ஒரு டன்னா? இப்டி லோடு ஏத்துனா என் டயரு வெடிச்சிடும்!"

குறுக்கு வழி

எனக்குப் பொறுமை கிடையாது. சொந்த செல் நம்பரை எல்லா டிரைவருக்கும் கொடுத்துவிட்டேன். பாஸ்வேர்டு இல்லை, ஓடிபி இல்லை. கேட் மளமளவென்று நகர்ந்தது. காரணம் தெரியாமலே மேனேஜர் சொன்னார்: "பரவால்லியே, நீ வந்தப்புறம் லைனே நிக்க மாட்டேங்குது!"

கடைசி வாரம்

மூன்றாம் மாதம், கடைசி வாரம். என் செல்லில் புது நம்பர். "சரவணன் அண்ணன் பேசறேம்மா. செல்லு தண்ணில வுழுந்துட்ச்சு. வேற வண்டி அனுப்பறேன், ரிலீஸ் நம்பர் சொல்லு." யார் அந்த நம்பரைச் சொல்கிறார்களோ, அந்த லாரிக்குத்தான் பெட்டி. பின்னால் ஹாரன் சத்தம், குரலும் அவர் குரல் மாதிரிதான். சொல்லிவிட்டேன். உடனே என் செல்லும் சார்ஜ் தீர்ந்து செத்தது.

அரை மணியில் ஒரு லாரி வந்தது. டிரைவர் நம்பரைச் சரியாகச் சொன்னான், பெட்டியை ஏற்றினார்கள். கேட்டைத் திறக்கப் போகிறேன், இன்டர்நெட் போன் அடிக்கிறது. திரையில் சரவணன் அண்ணன் பெயர். பாஸ்வேர்டு போட்டேன். உள்ளே உட்கார்ந்திருந்த மேனேஜரைப் பார்த்து "சார், ஓடிபி!" என்று கத்தினேன். வெளியே அந்த லாரி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் லைன் கிடைத்தது. "ம்மா... உன் செல்லு... ஆஃப்ல கீது... நான் வந்துகினே... கீறேன்..."

தண்ணீரில் விழுந்த செல்லிலிருந்தே அண்ணன் பேசுகிறார் என்றால், ரிலீஸ் நம்பர் வாங்கியவன் வேறு எவனோ. கேட்டைத் திறக்கவில்லை. டிரைவர் குதித்து ஓடிவிட்டான், லாரி மட்டும் பெட்டியோடு நின்றது. மறைத்திருக்கலாம், என்னால் முடியவில்லை, எல்லாவற்றையும் மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். அவர் என் செல்லைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"பெட்டி போயிருந்தா ரெண்டு பேரும் புழல் ஜெயில்ல குந்திகினு இருப்போம். பெட்டி போவல, அதனால நீயும் போவ வேணாம். ஆனா உன் மூணு மாசம் இன்னிலேர்ந்து ஆரம்பம்."

ஓடிபி வர ஆவது நாற்பது நொடி, அதை மிச்சம் பிடிக்கப் போய் எனக்கு ஆனது இன்னொரு மூன்று மாதம்.