வேலியோரக் கறிவேப்பிலையும் நோன்புக் கஞ்சியும்

2024 மார்ச் 23, சனிக்கிழமை. கெலிஓயாவில் பிரதான வீதியிலிருந்து மேட்டுக்கு ஏறும் ஒழுங்கையில் எங்கள் வீடு. அன்றும் வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, தேத்தண்ணீர் குடித்து, முற்றத்தைக் கூட்டி, தோட்டத்துக்குப் போனேன். சனிக்கிழமை நான் வேலை செய்யும் பாடசாலை அலுவலகத்துக்கு விடுமுறை என்பதால் தோட்டத்து வேலைகளை அந்த நாளுக்கு ஒதுக்கி வைத்திருப்பேன்.

தோட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பயற்றங்காய்க்கு ஒரு பந்தல், நான்கு கத்தரி, பைகளில் கொஞ்சம் மிளகாய், பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலுள்ள கம்பி வேலியோரம் ஒரு கறிவேப்பிலை மரம். அவ்வளவுதான். மாசி பிறந்ததிலிருந்து மழை இல்லை. வெயில் ஏற ஏறப் பயற்றங்கொடியின் நுனியில் கறுப்பாக அசுவினிப் பூச்சி அப்பிக்கொண்டது. அதைத் தேடி எறும்பு வந்தது. பிறகு கறிவேப்பிலையின் குருத்துகளும் சுருளத் தொடங்கின. சாம்பல் தூவினேன், காற்று கொண்டு போனது. சவர்க்காரத் தண்ணீர் தெளித்தேன், மூன்று நாள் நன்றாக இருந்து மறுபடி வந்தது. உள்ளியை அரைத்து ஊற வைத்துத் தெளித்ததில் எனக்குத்தான் தலையிடி வந்தது. கடைசியில் பயிர் மருந்துக் கடைக்காரர் ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்தார். இலைக்குள்ளேயே இறங்கி வேலை செய்யும் மருந்து. கழுவினாலும் போகாது. அடித்த செடியில் இரண்டு கிழமைக்கு எதையும் பறித்துச் சாப்பிடக் கூடாது என்று போத்தலில் பொடி எழுத்தில் இருந்தது.

வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து, அளவாகக் கலந்து பந்தலுக்கும் கறிவேப்பிலைக்கும் அடித்தேன். கைகளை இரண்டு முறை கழுவினேன். போத்தலைப் பையில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். வேலியோரத்தில் எதையும் தொட வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் "சரி" என்றார். நான் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

பக்கத்து வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்பது நினைவில் இருந்தது. எங்கள் கறிவேப்பிலையின் பாதிக் கிளைகள் அவர்கள் பக்கம்தான் நிற்கின்றன. கறிக்கு வாசத்துக்குப் போடும் அவர்களுடைய ரம்பைச் செடி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. பதினெட்டு வருடமாக யாரும் யாரையும் கேட்டுப் பறித்ததில்லை. அப்படிக் கேட்டால்தான் ஏதோ கோபம் என்று நினைப்போம். ஆனால் அது நோன்பு மாதம். விடியுமுன் எழுந்து சாப்பிட்டு, தொழுதுவிட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுப்பு எப்படியும் பின்னேரம்தான் எரியும், அதற்குள் நான் வந்துவிடுவேன் என்று கணக்குப் போட்டு, கண்டிக்கு பஸ் ஏறினேன்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. ஊர் முழுவதும் கண்டிக்குள் இறங்கியிருந்தது. சந்தையில் மரக்கறி வாங்கி, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு அனுப்ப வேண்டிய மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பும்போது, பேராதனையைத் தாண்டி பஸ் நகரவேயில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரத்து அஸர் தொழுகை முடிந்திருந்தது. பைகளைக் கதவடியிலேயே போட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன்.

கறிவேப்பிலையின் அந்தப் பக்கத்துக் கிளைகள் மொட்டையாக நின்றன. ஒன்றிரண்டு ஈர்க்கு இல்லை. கொத்துக் கொத்தாக, கிளை கிளையாக ஒடித்திருந்தார்கள். ஒடித்த இடங்கள் வெயிலில் காய்ந்தும் இருந்தன. அப்படியென்றால் காலையிலேயே பறித்திருக்கிறார்கள்.

பின்கதவால் உள்ளே போய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்தவர் அந்த வீட்டுத் தாத்தா. அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவர். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"தாத்தா, கறிவேப்பிலை பறிச்சீங்களா?"

"ஓ, மகன் பறிச்சான். இண்டைக்கி பள்ளிக் கஞ்சி எங்கட வீட்டு முறையல்லவா. ஏன் தங்கச்சி, மொகமே சரியில்ல?"

நான் போத்தலை நீட்டினேன். காலையில் மருந்தடித்ததைச் சொன்னேன். அவருடைய கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டது.

நோன்பு மாதத்தில் எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் தினமும் பெரிய கிடாரத்தில் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் செலவு. பின்னேரமானால் ஊரே சட்டியும் வாளியுமாக வந்து வாங்கிப் போகும். பெரிய கிடாரம் என்பதால் பகலிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். அன்றைய முறை பக்கத்து வீட்டினுடையது என்பதுதான் தெரியாது.

தாத்தா மகனுக்கு அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்குள் போனால் அவன் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவிடுவான். அவர் அபாயாவை மாட்டிக்கொண்டு வந்தார். பள்ளிவாசல் ஒழுங்கையின் கீழ் முனையில் இருக்கிறது. நான் படிகளில் ஓட ஆரம்பித்தேன்.

"ஓடாதீங்க. நீங்க விழுந்தா நான் எதப் பாக்கிற?" என்றார். சொல்லிவிட்டு என்னைவிட வேகமாக அவரே இறங்கினார்.

இறங்கும்போதே எதிரே இரண்டு பேர் மூடிய பாத்திரங்களோடு மேலே ஏறி வந்தார்கள். தாத்தா அவர்களை மறித்து, பாத்திரத்தைக் கீழே வைக்கச் சொன்னார். ஏன் என்று கேட்டவருக்கு, "வைங்கொ, பொறகு செல்றன்" என்று மட்டும் பதில். இந்த இரண்டு பேரைப் பிடித்துவிட்டோம். ஏற்கனவே வீடு போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனை பேரோ. சூரியன் மலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அது இறங்கினால் நோன்பு திறக்கப் பாங்கு சொல்வார்கள். பாங்கு சொன்னால் பேரீச்சம்பழத்துக்கு அடுத்ததாக எல்லோரும் வாயில் வைப்பது அந்தக் கஞ்சியைத்தான்.

பள்ளிவாசலின் பின்புறக் கொட்டகையில் வரிசை நின்றது. கஞ்சி காய்ச்சுகிற, எல்லோரும் நானா என்று கூப்பிடும் அண்ணன் பெரிய அகப்பையால் வார்த்துக்கொண்டிருந்தார். பால் போன்ற கஞ்சியில் கறிவேப்பிலை மிதப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது. நான் சொன்னதைக் கேட்டு அவர் சிரித்தார்.

"இவ்வளவு கொதிச்ச கஞ்சியில என்ன மருந்து மிஞ்சும்? எல நாலு கெடக்கு, எடுத்துப் போட்டாச் சரிதானே."

அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். கொதித்தால் போகுமா போகாதா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது. அதனால் விவாதிக்காமல், போத்தலிலுள்ள பொடி எழுத்தைச் சத்தமாக வாசித்தேன். அதிலிருந்த மண்டையோட்டுப் படத்தை அவர் பார்த்தார். அகப்பையைக் கிடாரத்தின் விளிம்பில் சாய்த்துவிட்டு, மூடியை இழுத்து மூடினார்.

வரிசையில் பேச்சு எழுந்தது. பின்னால் நின்ற ஒருவர் மற்றவரிடம், "கஞ்சியில நஞ்சு கலந்தீக்காம்" என்றது என் காதில் விழுந்தது. அது அடுத்தவருக்குப் போனது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் நெற்றியில் காலையில் வைத்த திருநீறு இருந்தது. இந்த ஊரில் ஒரு சொல் எவ்வளவு தூரம் ஓடும், போகும் வழியில் என்னவாக மாறும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

தாத்தா வரிசையின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"யாரும் கலக்கல்ல. செடிக்கி மருந்தடிச்சீந்த. கேக்காமப் பறிச்சது எங்கட வீடு. இவங்க ஓடி வந்து செல்லாட்டி நீங்க இண்டைக்கி அதத்தான் குடிச்சீப்பீங்க."

சொல்லாமல் விட்டது நான். அதை நான் சொல்ல வாயெடுத்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். முணுமுணுப்பு நின்றது.

பிறகு நடந்தது மிக வேகமாக நடந்தது. பாங்கு சொல்பவர் உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டார். இன்றைய கஞ்சியில் சமையல் பிழை ஒன்று நேர்ந்துவிட்டது, வாங்கிப் போனவர்கள் ஒரு சொட்டும் குடிக்காமல் அப்படியே திருப்பிக் கொண்டு வாருங்கள், பிள்ளைகளுக்கும் கொடுக்க வேண்டாம் என்று தமிழிலும் சிங்களத்திலும் மூன்று தடவை சொன்னார். யார் வீடு, என்ன பிழை என்று ஒரு வார்த்தை இல்லை. கொஞ்ச நேரத்தில் வாளிகள் திரும்பி வரத் தொடங்கின. நோன்பு காரணமாக ஒருவர்கூட வாயில் வைத்திருக்கவில்லை. சின்னப் பிள்ளைகள்கூடப் பெரியவர்களோடு சேர்ந்து குடிக்கக் காத்திருந்தார்களாம். நாயும் காகமும் தொடாமலிருக்க, பின்னால் குழி வெட்டிக் கொட்டுவதற்கு இரண்டு பேர் மண்வெட்டி எடுத்தார்கள்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சுவரில் சாய்ந்தேன். தாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் மெல்ல மாறியது.

"தங்கச்சி, உங்கட வீட்டுக்கு மொதல்லயே அனுப்பினோமே."

நோன்பு மாதம் முழுவதும் எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குச்சட்டிக் கஞ்சி வரும். சூடு ஆறக் கூடாது என்று முதல் அகப்பையே எங்களுக்குத்தான். ஊரில் மற்ற எல்லோரும் பாங்கு கேட்கும்வரை காத்திருப்பார்கள். நாங்கள் நோன்பு பிடிப்பதில்லை. எங்களுக்குக் காத்திருக்கக் காரணமே இல்லை. வீட்டில் கணவர் தனியாக இருந்தார். கறிவேப்பிலையைத் தொட வேண்டாம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். கஞ்சியைப் பற்றி யார் நினைத்தது?

ஏறிய படிகள் எனக்கு நினைவில்லை. ஒலிபெருக்கி எங்கள் வீட்டுக்கும் கேட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். ஆனால் அவர் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையில் இருந்தார், கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கோப்பை, அடியில் இரண்டு கறிவேப்பிலை.

"எங்க போனீங்க, பை எல்லாம் கதவடியில கெடக்கு" என்றவர் என் முகத்தைப் பார்த்ததும் தொலைக்காட்சியை நிறுத்தினார்.

"கஞ்சி குடிச்சீங்களா?"

"ஒரு கோப்பைதான். உங்களுக்கும் வச்சிருக்கேன்."

பள்ளிவாசலில் தாத்தா சொல்லி அனுப்பிய அவருடைய மகன் அதற்குள் முச்சக்கரவண்டியை ஒழுங்கைக்குள் கொண்டுவந்துவிட்டான். போத்தல் என் கையிலேயே இருந்தது. கணவர் தனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஏறினார். பாதி வழியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மருந்தினாலா பயத்தினாலா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. பேராதனைப் பக்கம் வாகன நெரிசலில் நின்றபோது ஏதோ ஒரு பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. அந்தப் பிள்ளை ஒரு கையால் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்து நோன்பைத் திறந்துகொண்டு, மறு கையால் ஹோர்னை அழுத்தியபடி இடைவெளிக்குள் வண்டியை நுழைத்தான். நோன்பு திறக்க அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது போத்தலைத்தான். வாசித்தார், எவ்வளவு குடித்தார், எப்போது குடித்தார் என்று கேட்டார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒரு கோப்பைக் கஞ்சியில் இறங்கியிருக்கக்கூடியது மிகக் கொஞ்சம், ஆனாலும் விடியும்வரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். ஆண்கள் வார்டில் நான் தங்க முடியாது. போகும்போது கணவர் என்னைக் கூப்பிட்டு, "கஞ்சி நல்லாத்தான் இருந்திச்சி, அத அவங்ககிட்டச் சொல்லிருங்க" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வார்டிலிருந்து அவருடைய அழைப்பு வந்தது. பாண் கொடுத்தார்கள், பருப்பில் உப்பில்லை, பதினொரு மணிக்கு வீட்டுக்கு விடுவார்கள் என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு, தேத்தண்ணீருக்குக்கூடத் தண்ணீர் வைக்காமல், ஒரு பழைய சிவப்பு ரவிக்கையைப் பட்டி பட்டியாகக் கிழித்து எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன். மருந்து பட்ட ஒவ்வொரு கிளையிலும் அந்தப் பக்கம் தெரியும்படி கட்டினேன். எனக்கு எட்டாத கிளைகள் இருந்தன. அந்தப் பக்கம் கதவு திறந்தது. நோன்புக் களைப்போடு, தூங்காத கண்களோடு தாத்தா வந்தார். கம்பிக்கு மேலால் கையை நீட்டினார். மீதித் துணிகளை அவரிடம் கொடுத்தேன், அவர் பக்கத்துக் கிளைகளில் அவர் கட்டினார்.

இப்போதும் ஓர் இலை சுருண்டால் சவர்க்காரத் தண்ணீரும் பொறுமையும்தான் என் வைத்தியம். நான் தண்ணீர் ஊற்றுகிற செடியிலிருந்து எத்தனை வீட்டு அடுப்புக்கு இலை போகிறது என்பது தெரியாமல் அதில் எதையும் தெளிக்க என் கை இனி எழாது.