மெதுவாகப் போன கப்பல்

கம்பெனியின் புது உத்தரவைப் படித்துவிட்டு எங்கள் சீஃப் இன்ஜினியர் தேநீர்த் தம்ளரோடு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. "புகைக்கு வெல வெச்சிட்டானுங்கோ நைனா. நாம வுடுற மூச்சும் அதே புகைதான். பாத்து வுடு, பில்லு வரப்போவுது" என்றார். அவர் சென்னீர்குப்பம். நான் ஆவடி, தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவன். அவருக்குக் கீழே இரண்டாம் இன்ஜினியராக இருந்தேன். அந்தக் கப்பலில் தமிழ் பேச எங்கள் இருவரை விட்டால் ஆளில்லை.

ஐரோப்பியத் துறைமுகத்துக்குப் போகிற கப்பல், தான் விடும் கரியமில வாயுவுக்கு ஏற்பக் காசு கட்ட வேண்டும். சட்டம் சரிதான். கடலும் வெயிலும் கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் கம்பெனி என்ன செய்தது? கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் அப்பிக்கிடந்தன. அதைச் சுரண்டினாலே எண்ணெய் மிச்சமாகும். கப்பலை நிறுத்த வேண்டுமே என்று தள்ளிப்போட்டார்கள். புது இன்ஜினைப் பற்றிப் பேச்சே இல்லை. வேகத்தைக் குறை என்றார்கள். அதற்குச் செலவில்லை. கடலில் கூடுதலாகக் கிடக்கப்போவது நாங்கள்தானே. நண்பகல்தோறும் எரிந்த எண்ணெயின் அளவை ஆபீசுக்கு அனுப்புவோம். கொஞ்சம் கூடினாலும் ஏன் என்று கேள்வி வரும். பதில் சொல்லிச் சொல்லி எங்கள் கேப்டன், இன்ஜினைச் சற்று முடுக்கவும் ஆபீஸைக் கேட்கிற ஆளாகிப் போனார்.

ஒரு காலையில் சீஃப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தொலைபேசியில் பேசிய மருத்துவர் உடனே கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். வழி விலகி முழு வேகத்தில் ஓடினால் அடையக்கூடிய தூரத்தில் ஒரு துறைமுகம் இருந்தது. உயிர் ஆபத்தென்றால் கேப்டன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடல் சட்டமே அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. அவர் கேட்டார். கூடுதலாக எவ்வளவு எரியும், கணக்கு அனுப்பு என்று பதில் வந்தது. அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்பினார். நான் கத்தினேன். பதில் வரட்டும் என்றார்.

சீஃப் கட்டிலில் படுத்தபடி உள்ளங்கையைச் சுவரில் வைத்திருந்தார். இன்ஜினின் துடிப்பு கப்பலின் ஒவ்வொரு தகட்டிலும் தெரியும்.

"இன்னா நைனா, இன்னும் ஏத்தலியா? அதே ஓட்டந்தான் ஓடிகினு கீது."

"ஆபீஸாண்ட கேட்டுகினு கீறாரு அண்ணாத்தே."

"கேக்கட்டும், கேக்கட்டும். நான் எங்கியும் போவல" என்று சிரிக்கப் பார்த்தார்.

அனுமதி வந்தது. இன்ஜினை முடுக்கிவிட்டு மேலே ஓடி வந்தேன். அந்தக் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக் கிடந்தது.

உடலை வேறு ஆட்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். புகையைக் குறைத்ததற்காகக் கம்பெனி பாராட்டு வாங்கியது. ஒப்பந்தம் முடிந்ததும் நான் வேலையை விட்டேன். இப்போது அம்பத்தூரில் ஜெனரேட்டர் பழுதுபார்க்கிறேன். திரும்பி வந்தவுடன் சென்னீர்குப்பம் போய் அவர் மனைவியைப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் லாரிகள் நகராமல் நின்று புகை கக்கிக்கொண்டிருந்தன. அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆபீஸ்காரங்க ஊட்டாண்ட வந்தாங்கோ. முடிஞ்ச வேகத்துல போனோம், ஒண்ணும் பண்ண முடியலன்னு சொன்னாங்கோ. நெசமாப்பா?"

"இல்ல அண்ணி. மெதுவாத்தான் போனோம்."

அண்ணி கேட்டார்:

"அது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."