ஏரியை வலமாகச் சுற்றியவள்

தினேஸ்வரிக்கு உட்காரத் தெரியாது. சாப்பிடுவதைக்கூட நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். என் கடைக்கு வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவாள், ஆனால் உட்காரமாட்டாள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு தே தாரிக் டீயை நாலு மடக்கில் குடித்துவிட்டு, "வாரேன்க்கா" என்று வேன் சாவியை ஆட்டியபடி போய்விடுவாள். வேன் ஓட்டும்போது மட்டும்தான் அவள் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். அது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் என்பதால் அங்கேயும் நிம்மதி கிடையாது. ஒரு கை ஹாரனில் இருக்கும், ஒரு கண் பின்னால் அடித்துக்கொள்ளும் பயல்கள்மேல் இருக்கும்.

என் பெயர் ஹஃபீஸா. மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோரில், அத்தா விட்டுப்போன சாப்பாட்டுக் கடையை நடத்துகிறேன். மத்தியானச் சோறு முடிந்ததும் கதவைச் சாத்திவிடுவேன். சர்க்கரை ஏறிவிட்டது, நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் மிரட்டியதால் சாயங்காலத்தில் ஆனைக்கல் ஏரிக்குப் போக ஆரம்பித்தேன். என்னைக் கூட்டிப்போனது தினேஸ்வரிதான். நான் நடப்பேன், அவள் ஓடுவாள்.

அது முன்பு ஆனைக்கல் தோட்டம். ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளையும் இடித்துவிட்டார்கள். தோட்டத்துக்காக ஓடையை மறித்துக் கட்டிய ஏரி மட்டும் குன்றுகளுக்கு நடுவில் கிடக்கிறது. தினேஸ்வரி அங்கே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்து அவள் உருகி நான் கேட்டதில்லை. "கொசுக்கடிதான்க்கா ஞாபகம் இருக்கு" என்பாள்.

ஏரியைச் சுற்றி மூன்று வழிகள். தார்ச்சாலையோடு போய்ப் பாதியிலேயே திரும்பிவிடுவது என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு. மேட்டுப் பாதை செம்பனைக்குள் ஏறி, இரண்டு குன்றுகளைக் கடந்து, சுண்ணாம்பு மலைக்குப் பின்னால் இறங்கும். நல்ல முழங்கால் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம். கீழ்ப் பாதை தண்ணீரை ஒட்டியே போகும். அணைமேட்டைத் தாண்டினால் முனியாண்டி கோயில், பிறகு மூங்கில் புதர், அதற்கும் பிறகு குன்றுகளின் தண்ணீரெல்லாம் ஏரிக்குள் வந்து விழுகிற பள்ளம். வெயில் காலத்தில் தண்ணீர் சிமெண்டுக் குழாய்க்குள் போகும், நாம் மேலே நடந்து போகலாம். மழை பெய்தால் குழாய் போதாமல் தண்ணீரும் பாதைமேலேயே வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஈப்போவிலிருந்து ஓட்டக்காரர்கள் கார் காராக வருவார்கள். அவர்களுடைய கைப்பேசியில் இந்த மூன்று வழிகளும் மூன்று நிறத்தில் கோடு போட்டிருக்கும். கீழ்ப் பாதைக்கு 'சுலபம், குடும்பத்தோடு ஓடலாம்' என்று எவனோ எழுதி வைத்திருக்கிறான். எல்லோரும் ஏரியை இடக்கைப் பக்கம் வைத்துத்தான் ஓடுவார்கள், திடலில் ஓடிப் பழகியவர்கள் இல்லையா. தினேஸ்வரி மட்டும் ஏரியை வலக்கைப் பக்கம் வைத்து எதிரே வருவாள். வழியும் விடமாட்டாள். "எல்லாரும் அப்பிடித்தானே ஓடுறாங்க, நீயும் அப்பிடியே ஓடேன்லா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "சாமி இருக்கிற எடத்த எடமாச் சுத்துவாங்களாக்கா? பொணத்தத்தான் அப்பிடிச் சுத்துவாங்க" என்றாள்.

அவள் ஓடியது அழகுக்காக அல்ல. அவளுக்கு ஒரு தம்பி, பவித்ரன். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ஈப்போவில் இரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் படுத்துக் கிடக்கிறவன். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தினேஸ்வரிக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது முடிந்தும் போயிருந்தது. ஆக, அக்காவுக்குத் தம்பி, தம்பிக்கு அக்கா. தன் சிறுநீரகம் ஒன்றை அவனுக்குக் கொடுத்துவிடுவது என்று அவளே முடிவு செய்து, அவனைக் கேட்காமலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றாள். இரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது. எடை மட்டும் கூடுதல். வேனில் உட்கார்ந்தே சேர்த்த உடம்பு. "இதோட ஆப்பரேஷன் செய்ய முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள், தீபாவளி கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டாள். தம்பியை வேனில் கொண்டுபோய் மையத்தின் வாசலில் இறக்கிவிடுவாள், உள்ளே போகமாட்டாள். நேரே ஏரிக்கு வந்துவிடுவாள். "ஒரு நாளாவது கூட உட்காரக் கூடாதா? தனியாத்தானே கெடக்கான்" என்று கேட்டேன். "உக்காந்து என்னக்கா செய்ய? அவன எறக்கிவிட்ட ஒடனே எனக்குக் காலு பறக்குது. அந்த நேரத்துல நாலு கிராமாச்சும் கொறையும்ல" என்றாள். மிஷினில் தம்பியின் இரத்தம் ஓடும் நேரமெல்லாம் இவள் இங்கே ஓடிக்கொண்டிருந்தாள். எடையும் இறங்கத்தான் செய்தது. சட்டை தொளதொளத்தது. என் கடையில் ரொட்டி சானாயின் வாசனை பட்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிரச்சினை சப்பாத்தில் ஆரம்பித்தது. தோட்டத்துப் பிள்ளைகள் முனியாண்டி கோயிலைக் காலணியோடு கடக்கமாட்டார்கள், சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழக்கம். தினேஸ்வரியும் ஒவ்வொரு சுற்றிலும் கோயிலுக்கு முன்னால் நின்று, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, கும்பிட்டுக் கடந்து, மறுபடி மாட்டிக்கொண்டு ஓடுவாள். இவளுக்கோ நிற்கப் பிடிக்காது. கயிறு அவிழ்க்க, கயிறு கட்ட என்று நின்றால் உடம்பு ஆறிவிடுகிறதாம். ஒருநாள் சப்பாத்தை வேனிலேயே போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கினாள்.

"என்னடி இது?" என்றேன்.

"நேந்துக்கிட்டேன்க்கா. டெஸ்ட்டு வரைக்கும் வெறுங்காலோட ஏரிய வலம் வாரேன்னு. ஓடுன மாதிரியும் ஆச்சு, கும்பிட்ட மாதிரியும் ஆச்சு."

ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். நாகூருக்கு நேர்ந்துகொள்ளாத வீடா எங்கள் வீடு? தம்பி பிழைக்க வேண்டும் என்று ஒருத்தி சாமியிடம் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் நான் எப்படி நுழைவேன்? ஆனால் அவளுடைய குதிகால்கள் கண்ணில் பட்டன. எப்போதும் வெடித்துக் கிடக்கும் குதிகால்கள், இப்போது கல்லும் குச்சியும் குத்திச் சிவந்திருந்தன.

தீபாவளிக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்தில் தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு ஏறி, பிறகு அதற்கும் மேலே போனது. செம்பனைக் காட்டைக் கழுவிக்கொண்டு வந்த செம்மண் தண்ணீர். ஈப்போக்காரர்கள் கைப்பேசியைப் பார்த்தார்கள், தண்ணீரைப் பார்த்தார்கள், மேட்டுப் பாதையில் ஏறிவிட்டார்கள். நானும் அதையே சொன்னேன்.

"மேல ஏறிப் போயேன். அதுவும் ஏரியத்தான் சுத்துது."

"மேல போனா கோயிலு வராதுக்கா. சுத்து அறுந்துரும்."

"ரெண்டு நாளு வீட்லதான் இரேன். மழை விடட்டும்."

"எப்பிடி இருக்கிறது? டெஸ்ட்டு வருதுல்ல. உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுது." கோபமாகச் சொன்னவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் மிஷின்லயே மயக்கம் போட்டுட்டான். நர்ஸ் போன் பண்ணாங்க. என்கிட்ட அவன் சொல்லவே இல்லக்கா."

பைஜாமாவை முட்டிவரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மறுகரையில் ஏறித் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். மழை விடும்வரை தினமும் அப்படித்தான். நான் அணைமேட்டில் குடை பிடித்து நின்றுகொண்டு, அவளைத் திட்டித் திட்டியே என் நடையைக் கோட்டைவிட்டேன்.

அடுத்து வந்தது காய்ச்சல். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகப் பிடித்துக்கொண்டன. ஓடுகிற உடம்பு வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்து, தைலம் தேய்த்துக்கொண்டு, மாத்திரை போட்டுக்கொண்டு, மறுபடி ஓடப் போனாள். பிள்ளைகளையும் ஏற்றி இறக்கினாள். கண் சிவந்ததற்குக் கூடத் தூக்கம் போதவில்லை என்றாள். கண் மஞ்சளானபோதுதான் நான் அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி, என் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டர் சின்னப் பெண், சீனத்தி. முதலில் கேட்டதே கால்களைப் பார்த்துத்தான். வெறுங்காலோடு வெள்ளத்தில் நடந்தீர்களா என்று மலாய் மொழியில் கேட்டாள். தினேஸ்வரி ஆமாம் என்றாள். எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து, குதிகால் வெடிப்பு வழியாக, கிருமி உடம்புக்குள் போயிருக்கிறது. ஈரலைத் தொட்டுவிட்டது, சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. டாக்டர் சிறுநீரகம் என்று சொன்னதும் தினேஸ்வரி படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ஒன்றாவது தப்பித்திருக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. "இரண்டும்தான்" என்றாள் டாக்டர்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. முனியாண்டிமேல் கோபம் இல்லை, அவர் தன் வாசலில் மட்டும்தான் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். ஏரி முழுக்கக் கழற்றியது இவள். அதற்காக இவள்மேலும் கோபப்பட முடியுமா? வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

சிறுநீர் நின்றுபோனதால் கொஞ்ச நாளைக்கு அவளையும் மிஷினில் போட வேண்டும் என்றார்கள். பவித்ரனை மையத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். தன் முறை முடிந்து, கையில் பிளாஸ்திரியோடு, மெல்லக் கால் எடுத்து வைத்து வந்தான். வார்டு நர்சுக்கு அவனைத் தெரியும், எங்கள் இருவரையும் உள்ளே விட்டார். தினேஸ்வரியின் கழுத்தில் குழாய் செருகியிருந்தது. இரத்தம் வெளியே போய் உள்ளே வந்துகொண்டிருந்தது. கால்கள் போர்வைக்குள் ஓடப் பார்த்தன.

"அசையாதக்கா" என்றான் பவித்ரன், ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு. "அசைஞ்சா மிஷினு கத்தும். மொத மணி நேரம் ஒண்ணும் தெரியாது. அப்பறம் குளுரும், நான் போத்திவிடுறேன். கடசியிலதான் காலு இழுக்கும். இழுத்தா சொல்லு, விரல மேல மடக்கிப் புடிச்சா விட்டுரும். மணியப் பாக்காத. பாத்தா ஓடவே ஓடாது."

அவன் சொன்னபடியே குளிர் வந்தது. பிறகு கால் இழுத்தது. அவன் எழுந்து அவள் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, புண்ணில் படாமல், விரல்களை மடக்கிப் பிடித்தான். தினேஸ்வரி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கண்ணீர் காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கப் போனாள், அவன் தடுத்துத் தானே துடைத்துவிட்டான்.

"ஒனக்கு யாருடா புடிச்சி விடுவா?" என்று கேட்டாள்.

"நானே செவுத்துல மிதிச்சுக்குவேன்."

நான் வாசல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன்.

"டாக்டர் ஒரு வருசம் கழிச்சு பாக்கலாம்னு சொல்லிட்டாங்க. என் கிட்னி நல்லானாதான். நல்லாவலன்னா எடுக்க மாட்டாங்களாம்" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு நிறைய நேரம் பிடித்தது. "அதுவரைக்கும் இருப்பல்லடா?"

"இருக்கேன்லா. எங்க போகப் போறேன்" என்றான் பவித்ரன்.

அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, அவள் கால் விரல்களைப் பார்த்துத்தான் சொன்னான். மிஷின் நிற்கும்வரை அவள் அசையாமல் கிடந்தாள்.