பாச்சுவின் காதும் மூன்று பிளேயர்களும்

பாச்சுவுக்குப் பள்ளிச் சான்றிதழில் நீளமாக ஒரு பெயர் உண்டு. இன்சூரன்ஸ் ஆபீசில் சம்பளப் பட்டியல் போட்டவரைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. சரஸ்வதிபுரத்தில் 'பாச்சு சார் வீடு எது?' என்று கேட்டால், 'யாரு, காதுக்காரரா?' என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் பெருமை, கொஞ்சமென்ன, நிறையவே.

அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்தவர். பாச்சு பிறந்தது, படித்தது, வேலை பார்த்தது, ரிடையரானது எல்லாம் இதே ஊரில்தான். கோபம் வந்தால் கன்னடம், கணக்குப் போட்டால் இங்கிலீஷ், காப்பி கேட்டால் தமிழ் என்று மூன்று பாஷைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்காமல், இடுப்பில் மாட்டிக்கொள்ளும் டேப் பிளேயர் ஒன்றை வாங்கி வந்து வீட்டில் வசவு வாங்கிக்கொண்டார். அன்று காதில் ஏறிய இயர்போன் அப்புறம் இறங்கவே இல்லை. பஸ்ஸில், ஆபீஸ் மதியச் சாப்பாட்டில், குக்கரஹள்ளி ஏரியைச் சுற்றும் நடையில் என்று காலமெல்லாம் கூடவே வந்தது. டேப் போய் சி.டி. வந்தது, சி.டி. போய் விரல் நீளத்தில் டிஜிட்டல் பிளேயர்கள் வந்தன. எல்லாவற்றையும் வாங்கினார். ஒன்றையும் தூக்கிப் போடவில்லை. மேஜை டிராயரைத் திறந்தால் எலிக்குட்டிகள் போலக் கிடக்கும்.

பிளேயர் வாங்குகிறவர்கள் அவரிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். மண்டி மொஹல்லாவில் கடை வைத்திருந்த லிங்கப்பன்கூட, புதுச் சரக்கு வந்தால் பாச்சுவின் கையில் கொடுத்து, "நீங்க நல்லாருக்குன்னு சொன்னா ஆர்டர் போடறேன் சார்" என்பார். பாச்சுவிடம் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு பிளேயரை ஒப்பிட வேண்டுமானால் முதலில் சத்தத்தைச் சமமாக்க வேண்டும். ஒன்று துளி சத்தமாக இருந்தாலும் அதுதான் நன்றாக இருப்பதாகக் காது சொல்லிவிடும். "காது லஞ்சம் வாங்கும் ஓய்! வால்யூமைக் கூட்டிக் கொடுத்தா எந்த மட்டமான சரக்குக்கும் கையெழுத்துப் போட்டுடும்" என்பார். உண்மையான பேச்சு, அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சத்தம் சமமாகிவிட்டதா என்று எதை வைத்துப் பார்ப்பது என்ற கேள்விதான் பாக்கி. அவர் தன் காதை வைத்துப் பார்த்தார்.

நான்கைந்து வருஷங்களாக வருகிற பிளேயர் எதுவுமே அவருக்குப் பிடிக்கவில்லை. "மந்தம்" என்றார். "மேல் பக்கம் ஒரு மினுமினுப்பு இருக்குமே, அது இல்லை. இப்போ இருக்கிற கம்பெனிக்காரனுக்கு அக்கறையே இல்லை." லிங்கப்பன் மாற்றி மாற்றிக் கொடுத்து அலுத்துப்போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்; அந்தப் பழமொழி பாச்சுவுக்கும் தெரியும், ஆனால் அதை அடுத்தவர்களுக்குத்தான் சொல்லிப் பழக்கம்.

இந்தக் கதையில் அவருடைய மனைவியைப் பற்றி இனிமேல்தான் சொல்லப் போகிறேன் என்பதே கொஞ்சம் அநியாயம். வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

திரிபுரசுந்தரி பாடுவாள். கச்சேரி மேடையெல்லாம் ஏறியதில்லை. ஆனால் நவராத்திரி வந்தால் சரஸ்வதிபுரத்தில் அவளை விடமாட்டார்கள். கொலுவுக்குக் கொலு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். மேல் ஸ்தாயியில் அவள் குரல் போய் நிற்கிற இடத்தில், சுண்டல் மென்றுகொண்டிருப்பவர்கள் மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு வழக்கம். பாட்டு முடிந்ததும் அவள் கண் கூட்டத்தில் பாச்சுவைத் தேடும். அவர் தலையை அசைத்தால் அன்றைக்குப் பாட்டு நன்றாக அமைந்தது என்று அர்த்தம். ஊரே பாராட்டினாலும் அந்தத் தலையசைப்புக்குப் பிறகுதான் அவள் முகம் மலரும்.

இரண்டு நவராத்திரிக்கு முன்பு, கீழ்வீட்டு ரூபாவின் கொலுவில் பாடிவிட்டு மாடியேறி வந்தவளிடம் பாச்சு சொன்னார்.

"சுந்தரி, தப்பா எடுத்துக்காதே. மேலே போறச்சே உன் குரல்ல பழைய தெளிவு இல்லை. மங்கிடுத்து. வயசாறதோல்லியோ?"

பிளேயருக்குச் சொல்கிற அதே தொனி. அவர் மனசில் கெட்ட எண்ணம் இல்லை, கேட்டதைச் சொன்னார். சுந்தரி புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டே, "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து கூப்பிட்டவர்களிடமெல்லாம் தொண்டை சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தாள். வீட்டிலும் பாடுவது நின்றது. பாச்சுவுக்கு அது முதலில் உறைக்கவே இல்லை. உறைத்தபோது, பாவம், தெரிந்து ஒதுங்கிக்கொண்டாள் என்று பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் தசராவுக்கு ஊரெல்லாம் விளக்குக் கட்டும் நேரத்தில், ரூபா மாடியேறி வந்தாள். அவள் கன்னடக்காரி. மாடிவீட்டோடு இத்தனை வருஷம் பழகியதில் தமிழும் பேசுவாள்.

"சார், இந்த வருஷமும் ஆன்ட்டி பாடமாட்டேன்னுட்டாங்க. கொலு ஸும்னே, சும்மா ஊமையா இருக்கக் கூடாதல்வா? நல்லதா ஒரு பிளேயர் சொல்லுங்க. பாட்டுப் போட்டு ஸ்பீக்கர்ல விட்டுடறேன்."

பாச்சுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மண்டி மொஹல்லாவுக்கு ஆட்டோ பிடித்துப் போய், லிங்கப்பனிடம் மூன்று பிளேயர்களைச் சோதனைக்கு வாங்கி வந்தார். கூடத்து மேஜையில் வரிசையாக வைத்து, ஒரே ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிச் செருகுவது என்று ஏற்பாடு. பெங்களூரிலிருந்து மகள் மேதா ஒரு சோதனை ஒலியையும் அனுப்பியிருந்தாள். அடிக்குரல் முனகலில் ஆரம்பித்து, ஊசிமுனைக் கீச்சு வரைக்கும் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிற ஒரே நீளச் சத்தம். பிளேயரும் ஸ்பீக்கரும் எதுவரை தாங்குகின்றன என்று அதில் தெரிந்துவிடுமாம். இதுவரை பாட்டை வைத்தே பார்த்துப் பழகியவருக்கு இது புதுசு.

முதல் பிளேயரைப் போட்டார். சத்தம் முனகியது, ஏறியது, விசிலாகியது, மெலிந்தது, நின்றது. திரையைப் பார்த்தால் ஒலி பாதியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "அடப்பாவி, பாதிக்கு மேல வரலையே" என்று அதை ஒதுக்கிவிட்டு இரண்டாவதைப் போட்டார். அதே இடத்தில் நின்றது. வால்யூமைக் கூட்டினார். பிரயோசனமில்லை. மூன்றாவது கொஞ்சம் விலை கூடியது, அதுவும் அங்கேயே வந்து கழுத்தறுத்தது.

"மூணும் மோசம்!" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் கத்தினார். "கழுதைக்கும் உதவாது!"

"மோசமோ நல்லதோ, முதல்ல அதை அணையுங்கோ!" என்று உள்ளேயிருந்து சுந்தரி கத்தினாள். "பல்லு கூசறது!"

"எதை அணைக்கறது?"

"அந்தக் கீச்சுச் சத்தத்தைத்தான்!"

"அது அப்பவே நின்னுடுத்தே."

கையில் தோசைமாவோடு சுந்தரி கூடத்துக்கு வந்தாள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்தாள். "எங்கே நின்னுது? இதோ கேக்கறதே... அப்பாடா, இப்போதான் நின்னுது."

பாச்சு திரையைப் பார்த்தார். ஒலி அப்போதுதான் முடிந்திருந்தது.

அவர் முட்டாள் இல்லை. ஒலியை மறுபடி முதலுக்குக் கொண்டுபோய் வைத்தார். பிறகு, "சுந்தரி, செத்த இங்கேயே நில்லு. சத்தம் கேக்கற வரைக்கும் கையைத் தூக்கிண்டிரு" என்றார். அவள், இதென்ன கூத்து என்று அலுத்துக்கொண்டே மாவுக்கையைத் தூக்கினாள். முனகல் ஏறியது, விசிலாகியது, மெலிந்தது. பாச்சுவுக்கு நின்றுபோனது. அவள் கை தூக்கியபடியே இருந்தது. மணிக்கட்டிலிருந்து மாவு முழங்கை வரை வழிந்து வந்தது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இறங்குவதாகவே இல்லை.

"காதுல குரும்பி அடைச்சிண்டிருக்கும். டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு அவள் தோசையைக் கவனிக்கப் போய்விட்டாள்.

குரும்பி என்று சொல்லிவிட்டாளே என்று அவருக்கு முதலில் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் காது டாக்டர் உள்ளே பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்றார். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பாச்சு நெடுநேரம் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது டாக்டர் காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டினார். பாதிவரை சமமாகப் போய், அங்கிருந்து சாமுண்டி மலைச் சரிவு போல இறங்கியது.

"ஹெட்போன் நிறைய போடுவீங்களா?"

"நாற்பது வருஷமா."

"சத்தமா?"

பாச்சு சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்த இயர்போன் வயரை உள்ளே தள்ளினார். டாக்டரும் வற்புறுத்தவில்லை. கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், காதில் ஒரு மெஷின் வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாகும் என்றார். இது நாளாக நாளாக மெல்ல ஆகிற விஷயம், அதனால் ஆளுக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு நடந்தே வந்தார். காது போனதைப் பற்றி அவ்வளவு துக்கம் இல்லை. அறுபது வயசில் ஏதாவது ஒன்று போகத்தானே செய்யும். பிளேயர்கள் மந்தமில்லை என்று லிங்கப்பனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தக் கணக்கும் தீர்ந்தது. ஆனால் சுந்தரி? அவள் குரல் மங்கவில்லை. மங்கியது எது என்று இப்போது இவருக்கு மட்டும்தான் தெரியும். அவள் இன்னும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் கடைசிவரை போட்டுப் பார்க்காமலே இருந்துவிடலாம். காதுக்காரர் பட்டமும் வீட்டுக்குள்ளாவது மிஞ்சும். அப்படி ஒரு யோசனை வந்தது என்பதற்காகவே அவருக்குத் தன்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சொல்லவில்லை. "நரம்புல ஏதோ கோளாறாம்" என்று முணுமுணுத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ரூபா படியேறி வந்தாள். "சார், எந்த பிளேயர்? நாளைக்குக் கொலு."

சுந்தரி கொண்டைக்கடலையை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். பாச்சு மேஜையில் இருந்த மூன்றையும் பார்த்தார். ஏதாவது ஒன்றைக் கைகாட்டிவிட்டால் போதும். கை எழவில்லை.

"சுந்தரி" என்றார். "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி உன் குரல் மங்கிடுத்துன்னு சொன்னேனே, அது பொய். வேணும்னு சொன்ன பொய் இல்லை. எனக்குத்தான் மேல் ஸ்தாயி கேக்கலை. அப்பவே கேக்கலை போலிருக்கு. உன் குரலுக்கு ஒண்ணும் ஆகலை."

ரூபாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. சுந்தரி கடலையிலிருந்து கையை எடுக்கவில்லை. பேச ஆரம்பித்தபோது, அவள் கோபம் அவர் பயந்த பக்கத்திலிருந்து வரவில்லை.

"ரெண்டு வருஷமா குளிக்கறச்சே முணுமுணுன்னு பாடிப் பார்ப்பேன். எனக்கு நன்னாத்தான் கேட்டுது. அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போறதுன்னு வாயை மூடிண்டுடுவேன்." கடலையை வேகமாக ஒரு கிளறு கிளறினாள். "நீங்க சொன்னேள், சரி. எனக்கும் ரெண்டு காது இருந்துதே! அதை நான் ஏன் கேக்கலை?"

பாச்சுவுக்கு அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது.

"ஆன்ட்டி, அப்படின்னா நாளைக்கு..." என்று ரூபா மெல்ல இழுத்தாள்.

"வரேன்" என்றாள் சுந்தரி. "அந்த டப்பாவையெல்லாம் கடையிலேயே கொடுத்துடச் சொல்லு."

மறுநாள் சாயங்காலம் ரூபா வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. பாச்சு வழக்கம்போல ஓரத்து நாற்காலியில் இருந்தார். சுந்தரி முதலில் தயங்கித்தான் எடுத்தாள். அனுபல்லவியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். சரணத்தில் குரல் மேலே ஏறியபோது, பாச்சுவுக்கு அது தூரத்தில் போகும் பேச்சு போலத் தேய்ந்து கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொள்ளாமல் சுற்றிலும் பார்த்தார். எதிரே ஒரு பெண்மணி வாயருகே கொண்டுபோன சுண்டலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்தது. சுந்தரியின் கண் அவர் பக்கம் திரும்பவில்லை.

பழைய பழக்கத்தில் ரூபாதான் கேட்டாள். "ஹேகித்து சார்? எப்படி இருந்தது?"

கூடமே காதுக்காரரைப் பார்த்தது.

"மேலே பாதி எனக்குக் கேக்கலைம்மா" என்றார் பாச்சு. "பாடினவளைக் கேளு."

சுந்தரி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நன்னா இருந்தது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குச் சுருதியைப் பிடித்தாள்.