சீரியஸ் என்றொரு தந்தி

சேலத்துக் கல்லூரியில் எனக்கு இரண்டாம் வருடம். இங்கிலீஷ் மிஸ் ஒருநாள் பலகையில் ‘சுகர்கோட்’ என்று எழுதினார். மாத்திரைக்குச் சர்க்கரை பூசுகிற மாதிரி, கசப்பான உண்மையை இனிப்பாக்கிச் சொல்வதாம். உதாரணம் கேட்டார். நான் சும்மா இருப்பேனா? முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்தேன்.

“எங்கூர்ல ஆரு செத்தாலும் தந்தியில ‘சீரியஸ், உடனே கிளம்பவும்’னுதான் அடிப்பாங்க மிஸ். உள்ளதை அடிச்சா, வர்றவங்க வழியிலயே உழுந்துருவாங்கல்ல?”

வகுப்பே சிரித்தது. மிஸ் ‘வெரி குட்’ என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் ஹாஸ்டல் வார்டன் என்னிடம் ஒரு தந்தியை நீட்டினார். ‘அப்பா சீரியஸ், உடனே கிளம்பவும்.’

எனக்கா தெரியாது அதன் அர்த்தம்? சர்க்கரையைத் துடைத்துவிட்டுத்தான் படித்தேன்.

அப்பாவோடு பேசி நாலு மாதம் ஆகியிருந்தது. என்னைக் கேட்காமல் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர் ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் பொங்கலுக்குக்கூட நான் ஊருக்குப் போகவில்லை. பாழாய்ப்போன வீம்பு! நாமக்கல்லில் பஸ் மாறி ஜேடர்பாளையம் போய்ச் சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு வரும் பெண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழ ஆரம்பிக்க வேண்டும். நானும் ஆரம்பித்தேன்.

“என்னப் பெத்த அப்பா! எங்கிட்டப் பேசாமயே போயிட்டீங்களே!”

தெருவே வெளியே வந்து பார்த்தது. ஒருவரும் கூட அழவில்லை. தலைவிரி கோலமாக வீட்டுக்குள் பாய்ந்தால், அப்பா கட்டிலில் சாய்ந்து இட்லி தின்றுகொண்டிருக்கிறார்!

தந்தி கொடுத்த மாமா தலையைச் சொறிந்தார். “நேத்து நெஞ்சுவலி வந்து நெசமாவே சீரியஸாத்தான் இருந்துது கண்ணு. அதை வேற எப்படி அடிக்கறது?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைக் கீழே வைத்தார்.

“நாஞ் செத்தாத்தான் பேசறதுன்னு இருந்தியா கண்ணு?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சர்க்கரை பூச வரவில்லை.

“ஆமாங்கப்பா” என்றேன். அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.